அரிசிக்காளான்

காம்பு உடையாமத் தோண்டணும் ஏட்டி, மொழங்கை ஆழத்துக்குப் போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டே அத்தை ஈரமண் ஒட்டிய புற்றுக்காளான்களைச் சுளகில் கவிழ்க்கிறாள், எங்க கெடச்சுது அத்த என்கிறேன், அது பெத்தவளுக்குக் காட்டுற எடம்லா, நீயும் ஒண்ணப் பெத்துக் குடு, மறுநாளே கூட்டிட்டுப் போறேன் என்று சிரிக்கிறாள், கல்யாணமாகி வந்த முதல் ஐப்பசி அது, நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன் என்பதுதான் இன்றைக்கும் என்னைச் சுடுகிறது, அதன் பிறகு ஒவ்வொரு ஐப்பசியிலும் இடி இடித்த மறுநாள் காலையில் மூத்த மருமகள் செண்பக அக்கா, இரண்டு பெற்றவள், கூடையோடு அத்தையின் பின்னால் போவாள், நான் கொல்லையில் குத்தவைத்து அரிசிக்காளான் பொறுக்குவேன், சோறு சிந்தியதுபோல் நூறு நூறாய், நகமளவு குடைகள், ஒவ்வொன்றின் காலிலும் மண், கழுவிக் கழுவி விரல் விறைத்துப்போகும், குழம்பு கொதித்தால் இரண்டுக்கும் ஒரே மணம், ஆனாலும் செம்பகம் கொண்டாந்ததைப் போடு என்றுதான் மாமா கேட்பார், என்னுடையதை என் வீட்டுக்காரர் மட்டும் இரண்டாம் தடவையும் வாங்கிக்கொள்வார், சில மதியங்களில் கண்ணயர்ந்தால் அந்த நீளக் காம்பை நான் இழுத்துக்கொண்டே இருக்கிறேன், அடுக்களைக்கு அடியிலிருந்து, எங்கள் கட்டிலுக்கு அடியிலிருந்து அது வந்துகொண்டே இருக்கிறது, முடிவதில்லை.

கல்லூரியில் தாவரவியல் படித்தவள் நான், இரண்டும் ஒரே குலம், இரண்டையும் வளர்ப்பது கறையான்தான், பெரியது புற்றின் வயிற்றிலிருந்து மண்ணைத் துளைத்துக்கொண்டு வருகிறது, சின்னதோ புற்றுக்குள்ளிருந்து கறையான் சுமந்துவந்து வெளியே கொட்டிய துணுக்கிலிருந்து முளைக்கிறது, கொட்டிய இடத்திலேயே, யாரையும் கேட்காமல், கொட்டிவிட்டார்கள் என்பதற்காக அது முளைக்காமல் இருந்ததா என்ன.

இது ஏழாவது ஐப்பசி, இன்று மத்தியானமே இடி இடித்துவிட்டது, செண்பக அக்காவுக்குக் கால் சுளுக்கு, நாளைக்கு யாரக் கூட்டிட்டுப் போக என்று அத்தை என்னைத் தாண்டி வாசலைப் பார்த்து முனகுகிறாள், நான் எழுந்து பரணிலிருந்து கூடையை இறக்குகிறேன், அது எதுக்கு ஒனக்கு, மொறைன்னு ஒண்ணு இருக்குல்லா ஏட்டி என்கிறாள், இருக்கட்டும் என்கிறேன், ஆறு வருஷமாகச் சொல்லாததைச் சொல்கிறேன், எனக்குப் பிள்ள இல்ல அத்த, இனிமேப் பொறந்தாலும் சரி பொறக்காட்டியும் சரி, நாளைக்கு என்னக் கூட்டிட்டுப் போயி அந்த எடத்தக் காட்டுங்க.