பெலா ரோசிந்தாவின் பலகைகள்

அப்பாவின் விரலிடுக்குகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது மொரெனிகேவுக்கு அந்த வாடை வந்தது. பிணவாடை இல்லை. விடியற்காலையில்தான் உயிர் போயிருந்தது. வெளியே எட்டிப் பார்த்தாள். அவள் கணவன் எசேக்கியேல் முற்றத்தில் பலகைகளை இறக்கிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

“பெட்டிக்கு மரம் கெடச்சிருச்சு மொரெனி. நல்ல ஓக்கு.”

“எங்கேர்ந்து?”

“கரையில கப்பல அறுக்குறாங்கல்ல.”

“எந்தக் கப்பல்?”

அவன் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினான்.

பெலா ரோசிந்தா. பாமாயில் வாங்கப் போகும் வணிகக் கப்பல் என்று சொல்லிக்கொண்டு லாகோசில் ஆட்களை அடிமைகளாக அடைத்து ஏற்றியது. அப்பா ஏறினார், அம்மா ஏறினாள், சிறுமி மொரெனிகே ஏறினாள். அடிமை வியாபாரத்தைத் தடுக்கச் சுற்றிய ஆங்கிலேய ரோந்துக் கப்பல் அதைப் பிடித்து ஃப்ரீடவுனுக்கு இழுத்து வந்தபோது அம்மா இறங்கவில்லை. நீதிமன்றம் கப்பலை ஏலம் விட்டது. எடுத்தவன் வேறு சாயம் அடித்து, வேறு பெயர் எழுதி, திரும்ப லாகோசுக்கே போனான். பிடிபட்டது. மறுபடி ஏலம், மறுபடி லாகோஸ். மூன்றாம் தடவை அது வந்து நின்றதைப் பார்த்து அப்பா கரையிலேயே வாந்தியெடுத்தார். இப்போதுதான் அறுக்கச் சொல்லியிருந்தார்கள்.

“தேச்சுக் கழுவிட்டாங்க. சுண்ணாம்புகூடப் போட்டாங்க,” என்றான் எசேக்கியேல். அவன் இந்த ஊரிலேயே பிறந்தவன்.

மொரெனிகே கத்தியை எடுத்து வந்து பலகையின் இடுக்கைச் சுரண்டினாள். கறுத்து இறுகிய ஏதோ பொருக்குப் பொருக்காய் உதிர்ந்தது.

“கப்பலுக்குப் பூசுன தாரா இருக்கும்,” என்றான்.

“மோந்து பாருங்க.”

குனிந்தான். உடனே எழுந்து வேலியோரம் போய்த் துப்பினான். வெகுநேரம் துப்பிக்கொண்டிருந்தான்.

“எங்கப்பாவ மறுபடியும் இதுக்குள்ள படுக்க வெப்பீங்களா?”

ஜெபிக்க வந்திருந்த போதகர் குறுக்கிட்டார். “பெட்டி இல்லாம ஒரு கிறிஸ்தவன எப்படிம்மா பொதைக்கிறது?”

“பாயில சுத்தி.”

“மரம் என்னம்மா பாவம் பண்ணுச்சு? வேணாம்னா கோயிலுக்காவது குடுங்க. வீணாப் போயிடும்.”

“தூக்கிட்டுப் போங்க. இப்பவே.”

மழைக்கு முன்னால் அப்பாவைப் பாயில் சுற்றிப் புதைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தின் முன்வரிசையில் வெள்ளைச் சாயம் அடித்த புது பெஞ்சு கிடந்தது. துக்க வீட்டாருக்கு என்று போதகர் அதைத்தான் கைகாட்டினார். மொரெனிகே பின்சுவரோரம் போய் நின்றாள். முதல் பாட்டு முடிந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். எசேக்கியேல் தொப்பியைக் கையில் பிடித்தபடி அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான்.