மூக்கன் தொடையில் முளைத்த முடி

பதினோரு பந்தய நாய்கள். பதினொன்றும் ஓட ஆரம்பித்தால் காற்றுக்கு மூச்சு வாங்கும். பல் வெள்ளை, கண் பளிச், தின்றது செரிக்கிறது, போவதும் ஒழுங்காகப் போகிறது. இந்தக் கடைசி விஷயத்துக்குச் சித்தப்பாவை விட்டால் வேறு சாட்சி கிடையாது. அதை அள்ளுகிறவர் அவர்தானே. எல்லாம் இருந்தும் ஏழு நாய்களுக்குப் பின்தொடையில் முடி இல்லை. முன்னால் பார்த்தால் ராஜா, பின்னால் பார்த்தால் இறகு பிடுங்கிய கோழி.

சித்தப்பா என்றால் முதலாளியின் டிரைவருக்குத்தான் சித்தப்பா. அண்ணன் மகன் அவன். ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்த நாய்க் கொட்டகை வேலையில் சேர்த்துவிட்டவன். அவன் கூப்பிடுவதைக் கேட்டு முதலாளியும் சித்தப்பா என்றார், முதலாளியம்மாவும் சித்தப்பா என்றார். உறவு வாயோடு சரி. கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். அதில் அவரும் அவர் மனைவியும். ஐம்பத்தெட்டு வயதில், குனிந்தால் நிமிர நாலு மூச்சு பிடிக்கிற ஆளுக்கு, கூரையோடு வேலை இன்னொரு இடத்தில் யாரும் தரமாட்டார்கள். இருவருக்கும் இது தெரியும். அதனாலேயே அதைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை.

முதலாளிக்கு இந்த முடி மானப் பிரச்சினை. ஜெயித்த நாயோடு படம் எடுக்கும்போதெல்லாம் கோப்பையை அதன் பின்பக்கத்துக்கு முன்னால் பிடித்து மறைத்துக்கொண்டு நின்றார். கோப்பைகள் பெரியவையாக இருந்தவரை சமாளித்தார். ஒரு தடவை இரண்டாம் பரிசுக்குச் சின்னக் கோப்பை கொடுத்துவிட்டார்கள். அந்தப் படத்தைப் பார்த்து முதலாளியம்மாவின் தங்கை சிரித்த சிரிப்பு வாசல்வரை கேட்டது. மறுநாளே டாக்டர் வந்தார்.

டாக்டர் ரத்தம் எடுத்தார், தோலைச் சுரண்டினார், ஒரு வாரம் கழித்துத் திரும்ப வந்தார்.

"ஒரு நோயும் இல்லைங்க. ஓடுற நாய் சிலதுக்கு இப்படிக் கொட்டும். ஏன்னு யாருக்கும் சரியாத் தெரியாது. கொஞ்ச நாள் ஓட விடாம வச்சிருந்தா சிலதுக்குத் தானா முளைக்கும்."

அவர் கார் தெரு முனை திரும்பும்வரை முதலாளி பொறுத்திருந்தார். "தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒரு டாக்டரா? அதை எங்க சித்தப்பாவே சொல்லியிருப்பாரே!"

சித்தப்பா தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். நியாயமாகப் பார்த்தால் இது பாராட்டு.

தெரியாது என்ற வார்த்தையே தெரியாத ஆள் அடுத்த வாரம் வந்து இறங்கினார். சத்துக்காரர் என்று டிரைவர் பெயர் வைத்தான். மடிப்புக் கலையாத சட்டை, கையில் பெட்டி, பெட்டிக்குள் வழவழத் தாளில் ஒரு புத்தகம். நாயைத் தொடவில்லை, பக்கத்தில் போகவும் இல்லை. தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, "துத்தநாகம் குறைவு. மீன் எண்ணெய் குறைவு. இன்னும் ஒன்பது சத்து குறைவு" என்றார். எல்லாமும் ஒரே டப்பாவில் இருந்தன. நாய்க்குக் காலையில் ஒரு கரண்டிப் பொடி.

மூடியைத் திறந்ததும் வந்த வாடையில் நாய்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. நீயா நானா என்று சந்தேகப்பட்டதைப்போல.

இரண்டு மாதம் போட்டார்கள். முடி வரவில்லை. ஏப்பம்தான் வந்தது. முதலாளி போனில் கத்த, சத்துக்காரர் நேரில் வந்து தொடைகளைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், கடைசியில் சித்தப்பாவைப் பார்த்தார்.

"பொடியில ஒரு குறையும் இல்லை சார். கொடுக்கிற கை சரியில்லை."

பதினோரு நாய்களும் முதலாளியும் அந்தக் கையைப் பார்த்தார்கள். ஈரத்தில் ஊறி வெளுத்த கை.

"சித்தப்பா, மூணு மாசம் டைம். ஒரு நாய்க்காவது முடி வரணும். இல்லைன்னா வேற ஆளு பார்த்துக்குறேன்" என்றார் முதலாளி. அறையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் முதலாளியம்மா மூக்கில் துணியைப் பொத்திக்கொண்டு வந்து நிற்பார். சித்தப்பா கலப்பார், அவர் எண்ணுவார். ஒரு கரண்டி, ரெண்டு கரண்டி. தட்டு காலியாகும்வரை அசையமாட்டார்.

"என்னங்கம்மா, மாப்பிள்ளை விருந்துக்குக்கூட இவ்வளவு நேரம் நின்னிருக்க மாட்டீங்க" என்றான் டிரைவர்.

"நீ வண்டியைத் துடை, போ."

நாலாம் நாள் பயிற்சியில் மூக்கன் கால்விரலை முறித்துக்கொண்டது. முடி கொட்டிய ஏழில் அதுதான் மோசம். தொடை இரண்டும் கழுவி வைத்த தட்டு. டாக்டர் கட்டுப் போட்டு, "மூணு மாசம் ஓட்டம் கூடாது" என்றார். கோடியில் தனி அறையில் விட்டார்கள். மருந்து நாற்றம் தாங்காமல் முதலாளியம்மா அந்தப் பக்கம் வருவதில்லை.

மூக்கன் பொடி கலந்த தட்டை மோந்தது. மூக்காலேயே கவிழ்த்தது. மறுநாளும் கவிழ்த்தது. மூன்றாம் நாள் சித்தப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கவிழ்த்தது. காலும் போய் வயிறும் காய்ந்தால் நாய் என்னத்துக்கு ஆகும்? வெறும் சோறும் கறியும் பிசைந்து வைத்தார். மளமளவென்று தின்றது. மூக்கனின் கரண்டிப் பொடியைத் தினமும் சாக்கடையில் கொட்டித் தண்ணீர் விட்டார்.

ஒரு நாள் டிரைவர் பார்த்துவிட்டான். "என்ன சித்தப்பா, சாக்கடைக்கு முடி வளர்க்குறீங்களா?"

"வாயை மூடுடா. என் பொழப்பே அதுலதான் இருக்கு."

"நான் ஏன் சொல்றேன்? எங்க முளைக்குதுன்னு பார்க்கத்தான் எனக்கும் ஆசை."

மூக்கன் தொடையில்தான் முளைத்தது. முதலில் பூசணம் மாதிரி ஒரு நிழல். பிறகு தொட்டால் குத்தியது. மூன்றாம் மாதக் கடைசியில் பட்டுத்துணி போர்த்தியதுபோல் பளபளவென்று நின்றது. பொடி தின்ற ஆறும் மொட்டை. தின்னாத ஒன்று மட்டும் மாப்பிள்ளை.

சித்தப்பா விஷயத்தை மனைவியிடம் சொன்னார்.

"டாக்டர் சொன்னது இதைத்தானே. ஓடலை, வந்துச்சு. நீ வாயத் திறக்காத. அவங்க என்ன நினைச்சுக்குறாங்களோ நினைச்சுக்கட்டும்" என்றாள் அவள்.

அவர்கள் நினைத்தார்கள். முதலாளி மூக்கனின் தொடையைத் தடவிக் கண் கலங்கினார். சத்துக்காரர் ஒரு படக்காரரையே கூட்டிக்கொண்டு வந்தார். மூக்கனைப் பின்பக்கம் காட்டி நிறுத்தி, கயிற்றைச் சித்தப்பா பிடிக்க, படம் எடுத்தார்கள். வேலை தங்கியது. அன்று சித்தப்பாவின் மனைவி அறையைக் கூட்டிப் பெருக்கித் துணிகளை மடித்து வைத்தாள். மூன்று மாதமாக அவை மூட்டையிலேயே கிடந்தன.

போகும்போது சத்துக்காரர் சொன்னார்: "பலன் தெரிஞ்சிருச்சு சார். மத்ததுக்கு ரெண்டு கரண்டியா ஏத்திடுங்க."

இரண்டு கரண்டி ஏறிய மூன்றாம் வாரம் கொட்டகை தாங்கவில்லை. பத்து நாய்களுக்கும் வயிறு அவிழ்ந்துகொண்டது. கழுவிவிட்டுத் திரும்பினால் கழுவின இடம் காணோம். பந்தயத்தில் முதலாவதாக வருகிற நாய் சுவரில் சாய்ந்து நின்றது. நடுங்குகிற அதன் காலைச் சித்தப்பா துடைத்துவிட்டார். அது அவர் வெளுத்த கையை ஒருமுறை நக்கியது, அவ்வளவுதான். வாளியை எட்டி உதைத்துவிட்டு முன்கட்டுக்கு நடந்தார். உள்ளே முதலாளியும் சத்துக்காரரும் புது டப்பாக்களை மேசையில் அடுக்கி அழகு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முதலாளி, மூக்கன் ஒரு கரண்டிகூடத் தின்னலை."

"என்ன?"

"மோந்து மோந்து கவுத்துருச்சு. எல்லாத்தையும் நான் சாக்கடையிலதான் கொட்டினேன். ஓடாம கெடந்துச்சு, முடி வந்துச்சு. டாக்டர் சொன்ன மாதிரியே. மத்ததுக்கும் கொஞ்ச நாள் ஓய்வு குடுங்க. இந்தப் பொடியை நிறுத்துங்க, வயிறு போகுது."

முதலாளியின் முகம் சிவந்து, கறுத்து, ஒரு நிறத்தில் நிற்காமல் திரிந்தது. "ஓய்வா? பந்தய நாயை உக்கார வச்சு முடி வளர்க்கவா நான் சோறு போடுறேன்? முடிதான் வேணும்னா ஆடு வளர்த்திருப்பேனே! என்னை ஏமாத்திட்டு வந்து யோசனை வேறயா? பெட்டியைக் கட்டு. இன்னிக்கே கிளம்பு!"

"சார், சார்!" சத்துக்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். இதுவரை நாயையே தொடாத மனுஷர் சித்தப்பாவின் தோளைத் தொட்டார். "இவரை அனுப்பிடாதீங்க."

"ஏன்?"

பதிலுக்குச் சத்துக்காரர் ஒரு டப்பாவைத் திருப்பி வைத்தார். அதில் மூக்கனின் பளபளத் தொடை, பக்கத்தில் கயிறு பிடித்த கை. முகம் வெட்டுப்பட்டுப் போயிருந்தாலும் கை தெளிவாக விழுந்திருந்தது. "இருபதாயிரம் டப்பா அச்சாகிருச்சு சார். இவர் வெளியே போனா நாலு பேர்கிட்ட நாலு விதமாப் பேசுவார். உள்ளேயே இருக்கட்டும். ஆயுசுக்கும் இருக்கட்டும். நல்ல மனுஷர். அதோட அந்தப் படத்துக்குக் கீழ, ஜெயிச்ச கொட்டகைன்னு உங்க பேரும் இருக்கே சார்."

முதலாளி குனிந்து பார்த்தார். அவர் பெயர் இருந்தது. தங்க எழுத்தில்.

"வந்து..." என்றார். "மூக்கன் வாசனை பிடிச்சிருக்கும்ல? மோந்துச்சுன்னு சொன்னீங்களே."

"மோந்துச்சு" என்றார் சித்தப்பா.

"மோந்ததுக்கே இந்த வளர்த்தி!" சத்துக்காரர் பையிலிருந்து பேனாவை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார்.

பொடி நிற்கவில்லை. ஆனால் கரண்டியை எண்ண ஆள் வருவது நின்றுபோனது. இனி சித்தப்பாவைக் கேள்வி கேட்டால் அவர் பதில் சொல்லிவிடுவார் என்ற பயம். பத்து நாய்களின் பங்கும் சாக்கடைக்குப் போயிற்று. வயிறுகள் கட்டின. அறை அவருக்கே என்று ஆயிற்று.

விரல் கூடி மூக்கன் மறுபடி ஓடப் போனது, ஜெயித்தது, கொட்டியது. அதன் கூண்டுக்கு மேலே பலகையில் அதன் தொடைப் படம் போட்ட டப்பா இருந்தது. கீழே அதன் தொடை மொட்டையாக இருந்தது. முதலாளி மறுபடி பெரிய கோப்பையாகப் பார்த்து ஜெயிக்க ஆரம்பித்தார்.

சித்தப்பா காலையில் பதினோரு நாய்களின் பொடியையும் சாக்கடையில் கொட்டும்போது டிரைவர் வந்து எட்டிப் பார்ப்பான்.

"முளைச்சுதா சித்தப்பா?"

"தண்ணி ஓடுதுல்லடா" என்பார். "ஓடுறதுல முளைக்காது."