பதினோரு வருடத்து அரை அங்குலம்

எங்கள் பட்டறையில் கம்ப்யூட்டர் என்னுடையது, கத்தரி அவருடையது. மருத்துவமனைகளுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் வெள்ளை மேலங்கி தைத்துக் கொடுக்கிறோம். நான் திரையில் பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான அளவுப்படம், வரைந்து, துண்டு துண்டாகத் தாளில் அச்செடுத்து, டேப் போட்டு ஒட்டி, என் வீட்டுக்காரர் கையில் கொடுப்பேன். அவர் அதைத் துணிமேல் விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு வெட்டுவார். இரண்டு அக்காக்கள் தைப்பார்கள். இதுவரை ஓர் உடுப்புகூட அளவு தப்பியதாகத் திரும்பி வந்ததில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

பழைய விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு வயது பதினொன்று. காலையில் பொத்தானை அழுத்திவிட்டு, பட்டறை முழுவதும் கூட்டிப் பெருக்கிவிட்டு வந்தாலும் அது இன்னும் விழித்திருக்காது. அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் எங்கள் பெரிய வாடிக்கையாளரான மருத்துவமனை, இனி அளவுப்பட்டியலைத் தங்கள் இணையதளத்தில் மட்டும்தான் போடுவோம் என்றது. அந்தப் பக்கம் எங்கள் கம்ப்யூட்டரில் திறக்கவே இல்லை. அறுபது மேலங்கிக்கான ஆர்டர் அது. மாதிரி ஒன்று தைத்துக் காட்டி, அது சரியாக இருந்தால்தான் மீதி.

என் நாத்தனார் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பவள். வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"அண்ணி, புது விண்டோஸ் இதுல ஏறாது. அதுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுத் தரேன். உங்க பேட்டர்ன் புரோகிராம் அதுலயும் இருக்கு. பழைய ஃபைல் எல்லாம் அப்படியே திறக்கும்."

"ஒண்ணும் காணாம போகாதே?"

"போனா என்னை வந்து தைக்கச் சொல்லுங்க."

"நீ தைச்சா அதைப் போடுறவங்க பாவம் இல்லையா?" என்றேன்.

நான் மூன்று நாள் யோசித்தேன். வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றது அவர்தான். கம்ப்யூட்டர் பக்கமே போகாத மனிதர், மின்கட்டணம்கூட நான்தான் கட்டித் தரவேண்டும், அவருக்கு எதற்கு இந்த அக்கறை என்று புரியவில்லை.

"பழகின மெஷினை ஏம்மா மாத்துற?" என்றார்.

"பழகினது நான். உங்களுக்கு என்ன?"

அவர் குனிந்து கத்தரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிடிவாதம் என்று நினைத்தேன். எனக்கும் மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அன்றே நாத்தனாரைக் கூப்பிட்டு, "போட்டுடு" என்றேன்.

ஒரு சனிக்கிழமை மதியத்தில் முடித்துவிட்டாள். பேட்டர்ன்கள் எல்லாம் பத்திரமாக வந்தன. மருத்துவமனையின் பக்கமும் திறந்தது. திங்கட்கிழமை மாதிரிக்கான பேட்டர்னை அச்செடுத்து ஒட்டினேன். அவர் வெட்டினார், அக்கா தைத்தார். புதன்கிழமை மருத்துவமனைக்கு எடுத்துப் போனேன்.

அங்கே பொருட்களைச் சரிபார்க்கும் அம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஸ்கேல் அம்மா'. இரும்பு ஸ்கேலோடுதான் பிறந்திருப்பார். மேலங்கியை மேசையில் விரித்து அளந்தார்.

"நீளம் நாப்பது கேட்டோம். நாப்பதரை இருக்கு. சுத்தளவும் அரை கூட. உங்ககிட்ட இப்படி வராதே?"

எனக்கு முகம் செத்துவிட்டது. கால் அங்குலம்வரைதான் அவர்கள் பொறுப்பார்கள். வெள்ளிக்கிழமைக்குள் வேறொன்று கொண்டுவரச் சொன்னார். இல்லையென்றால் அடுத்த தையலகத்தைப் பார்த்துக்கொள்வார்கள்.

வழி நெடுக நாத்தனாரைத் திட்டிக்கொண்டே வந்தேன். பட்டறைக்குள் நுழைந்ததும் அந்தப் பேட்டர்னை எடுத்து அளந்தேன். நாற்பது. சுத்தமாக நாற்பது. ஒரு நூல் அளவுகூடப் பிசகு இல்லை. சந்தேகம் வந்து, கொக்கியில் தொங்கிய பழைய பேட்டர்ன் ஒன்றை எடுத்தேன். போன வருடம் இதே அளவுக்குப் போட்டது, நல்லபடியாகப் போன உடுப்பு. அளந்தால் முப்பத்தொன்பதரை.

இன்னொன்று எடுத்தேன். அதுவும் குறைவு. கொக்கியில் இருந்த எல்லாமே குறைவு.

பழைய விண்டோஸில் அச்செடுக்கும்போது திரையில் வரும் பெட்டியில் 'தாளுக்குள் அடக்கு' என்று ஒரு கட்டம் உண்டு. முதல் நாள் ஓரம் வெட்டுப்படுகிறதே என்று அதில் டிக் போட்டது நான்தான். அது ஓரத்தைக் காப்பாற்ற மொத்தப் படத்தையும் கொஞ்சம் சுருக்கும் என்று யாருக்குத் தெரியும்? லினக்ஸில் அந்த டிக் இல்லை. திரையில் நாற்பது என்றால் நாற்பது என்று இருந்துவிட்டேன். தாளை ஒருநாளும் அளந்ததில்லை. உடுப்பு சரியாக வரும்போது யார் தாளை அளப்பார்கள்?

உடுப்பு எப்படிச் சரியாக வந்தது என்பதுதான் கேள்வி. வெட்டுமேசைக்கு அந்தப் பக்கம் நின்றவரைப் பார்த்தேன்.

"உங்களுக்குத் தெரியுமா?"

கழுத்தில் தொங்கிய டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "முதல் வாரமே அளந்தேன். அரை குறைஞ்சுது. கோட்டுக்குக் கொஞ்சம் வெளிய விட்டு வெட்டினேன். அதுல இருந்து அப்படித்தான்."

"ஏன் சொல்லல?"

"அன்னைக்குத்தான் உன் பேட்டர்ன்ல முதல் ஆர்டர். யாரோ ஃபோன்ல நல்லா இருக்குன்னு சொன்னாங்க, நீ ஃபோனை வச்சிட்டுத் தனியா நின்னு சிரிச்சுக்கிட்டு இருந்த. சொல்ல மனசு வரல. அப்புறம் கை பழகிடுச்சு, எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்."

பதினோரு வருடம். என் பேட்டர்ன் தப்பவே தப்பாது என்று அக்காக்களிடம், நாத்தனாரிடம், ஸ்கேல் அம்மாவிடமே பீற்றிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவமானத்தில் காது சுட்டது. "என்னை முட்டாளாக்கிட்டீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றேன். அழுதேன் என்றும் சொல்லவேண்டும்.

மறுநாள் இரண்டாவது மாதிரி. "தாள் இப்ப சரியா இருக்கு, கோட்டு மேலயே வெட்டுங்க" என்றேன், முகத்தைப் பார்க்காமல். வெட்டினார். இடது முன்பக்கம் சரியாக இருந்தது. வலது முன்பக்கம் அரை அங்குலம் வெளியே ஓடியிருந்தது. துணியை மாற்றி மறுபடி வெட்டினார். இப்போது முதுகுப்பக்கம் ஓடியது. வலுக்கட்டாயமாகக் கோட்டில் நிறுத்தப் பார்த்தபோது வெட்டு கோணல்மாணலாக வந்தது. அவர் வெட்டு அப்படி வந்து நான் பார்த்ததே இல்லை.

"கை சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குது" என்றார். "அந்தப் பழைய மெஷினையே வச்சிருந்தா இந்தத் தொல்லை இல்ல. இனிமே வெட்ட வேற ஆள் பாக்கணுமோ என்னவோ." கத்தரியை மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். டீ குடிக்கிற நேரமே இல்லை அது.

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. வேண்டாம் என்று ஏன் நின்றார் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. நான் மாற்றியது என் கம்ப்யூட்டரை மட்டும் இல்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். லினக்ஸின் அச்சுப் பெட்டியில் எத்தனை சதவீதம் என்று கேட்கும் இடத்தில் நூறு என்று இருந்தது. அதை அழித்துவிட்டு, பழைய தாள்களின் கணக்குப்படி தொண்ணூற்றெட்டே முக்கால் என்று போட்டேன். தாள் மறுபடி அரை அங்குலம் குறையும். அச்செடுத்து, ஒட்டி, அவர் வருவதற்குள் வெட்டுமேசையில் விரித்துவைத்தேன்.

"இன்னும் ஒரு தடவை வெட்டிப் பாருங்க" என்றேன்.

கழுத்திலிருந்த டேப்பை உருவினார். அளந்தால் ஒரே நொடியில் தெரிந்துவிடும். ஆனால் அதைச் சுருட்டி ஓரமாக வைத்தார்.

"அளக்கலையா?"

"எதுக்கு? இப்பதான் சரியா வருதே உன் தாள்" என்று சொல்லிவிட்டு, சாக்பீஸை எடுத்தார்.

கத்தரி எப்போதும் போலத் துணியில் வழுக்கிக்கொண்டு போனது. மாலை அக்கா தைத்து முடித்ததும் அவரே உடுப்பை அளந்தார். நாற்பது.

"பாத்தியா, கோட்டு மேலயே வெட்டிட்டேன்" என்றார்.

பதினோரு வருடத்தில் அவர் என் பேட்டர்னை நம்பி வெட்டியது அன்றைக்குத்தான்.

"நல்லா பழகிட்டீங்க" என்றேன்.