மங்கலம் வைத்தது, சிங்காரம் சிவந்தது

2007 ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை, தேவனாம்பட்டினத்தில் மங்கலம் வைத்துக்கொண்ட மருதாணி, சிதம்பரத்தில் இருந்த அவள் புருஷன் சிங்காரத்தின் கையில் சிவந்தது. அன்று மழை இல்லை. சங்கரா மீன் வழக்கமான விலைக்கே போனது.

சுனாமிக்குப் பிறகு, கடலுக்குப் பக்கத்தில் இனி இருக்க முடியாது என்று சிங்காரம் சொல்லிவிட்டான். படகு போனதைக்கூட அவன் பேசவில்லை. அலைச் சத்தம் கேட்டால் சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான். சிதம்பரத்தில் வைத்திலிங்கத்தின் மெஸ்ஸில் பரிமாறும் வேலை கிடைத்தது. மங்கலம் கூடப் போக மறுத்தாள். வாசல் மருதாணியை அலை வேரோடு கொண்டுபோயிருந்தது. அந்தக் குழியைக் காட்டிப் பந்தயம் கட்டினாள்.

"இதே எடத்துல மருதாணி வளத்து, அரைச்சு வச்சு, எங்கையி செவந்துச்சுன்னா நீ திரும்பி வரணும் மாமா. செடி பட்டுப்போச்சுன்னா பொட்டியத் தூக்கிக்கிட்டு நானே வரேன்."

"உப்புத் தண்ணி நின்ன மண்ணு. இப்பவே பொட்டியக் கட்டு" என்றபடி அவன் பஸ் ஏறினான்.

நட்ட குச்சிகள் எல்லாம் கருகின. அண்ணாகிராமத்தில் இருந்த அண்ணி கொளஞ்சியம்மாள், "ஏம்மா, எஞ்செடிய மொட்டையடிச்சாத்தான் ஒம் புருசன் வருவாரா?" என்று கேட்டாள். மங்கலம் இன்னும் நாலு குச்சி வெட்டிக்கொண்டாள். குழியை இடுப்பளவுக்குத் தோண்டி, உப்பு பூத்த மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டு, அண்ணியின் முந்திரித் தோப்புச் செம்மண்ணைச் சாக்கில் கட்டி டவுன் பஸ்ஸில் கொண்டுவந்து நிரப்பினாள். கண்டக்டரோடு சண்டை, பக்கத்து வீட்டாரின் கிண்டல், ஆட்டுக் கடி எல்லாவற்றையும் தாண்டி, தினமும் நல்ல தண்ணீர் ஊற்றி, தோள் உயரத்துக்கு ஒரு செடியைக் கொண்டுவந்துவிட்டாள்.

அந்த ஆடியில் கொட்டைப்பாக்கு சேர்த்து அரைத்து, உள்ளங்கையில் வட்டமும் விரல்களுக்குத் தொப்பியும் வைத்தாள். சின்ன வயதில் அரிவாள்மணை நுனியைச் சீவிவிட்ட இடது சுண்டுவிரலை மட்டும் எப்போதும்போல விட்டுவிட்டாள். கழுவியபோது கை வெறும் கையாக இருந்தது. அதே நேரம் மெஸ்ஸில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த சிங்காரத்தின் உள்ளங்கைகளும் விரல் நுனிகளும் ரத்தச் சிவப்பாயின.

"என்னா மாப்ள, ரெண்டாங் கல்யாணமா? எனக்குப் பத்திரிக்கையே வெக்கலையே!" என்றார் வைத்திலிங்கம்.

இடது சுண்டுவிரல் மட்டும் சிவக்காததைப் பார்த்ததும் சிங்காரத்துக்கு விஷயம் புரிந்தது. சொன்னால் ஊருக்குத் திரும்ப வேண்டும். போனில், "செவந்துச்சா?" என்று மட்டும் கேட்டான். "இல்ல மாமா" என்றாள் அவள். "அப்பச் சரி" என்று கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான், போனில் யாருக்கும் கை தெரியாது என்பது நினைவில்லாமல்.

மண்ணில் உப்பு மிச்சம் இருக்கிறது என்று மங்கலம் முடிவு கட்டினாள். குடம் குடமாக ஊற்றினாள். வெள்ளிக்கிழமைதோறும் அரைத்து வைத்தாள். வேர் ஊறி இலை வெளுக்க வெளுக்க, சிதம்பரத்தில் சிவப்பு இறங்கி, கை காமாலைக்காரன் கைபோல மஞ்சளானது. செடி சாகிறது என்று சிங்காரத்துக்குத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், மங்கலம் பெட்டியோடு வந்து இறங்கிவிடுவாள். ஒரு மழைக்காலம் அப்படித்தான் இருந்தான். ஆனால் வெள்ளிக்கிழமை வந்தால், விருந்தாளியை எதிர்பார்ப்பதுபோல உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கம் அவனுக்கு வந்துவிட்டிருந்தது. புதிதாக எந்த நிறமும் வராத ஒரு வெள்ளிக்கிழமையன்று, பரிமாறிக்கொண்டிருந்த வாளியை வைத்துவிட்டு கடலூர் பஸ்ஸில் ஏறினான்.

அவன் போனபோதும் அவள் குடத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். அவன் அதைப் பிடுங்கினான்.

"நிறுத்துடி. தண்ணி ஜாஸ்தியானா என்னா ஆவும்னு எனக்குத் தெரியும்."

"எங்கையி இன்னும் செவக்கலியே மாமா. நீ ஏன் வந்த?"

அவன் பழைய மஞ்சள் கறை இன்னும் மிச்சமிருந்த இரண்டு கைகளையும் விரித்துக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னான். மங்கலம் தன் சுண்டுவிரலை அவன் சுண்டுவிரலோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள்.

"திருட்டு மாமா" என்றாள். "மம்முட்டி அந்தப் பக்கம் இருக்கு."

அவன் மண்வெட்டியை எடுத்து வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தான். அழுகிய கிளைகளைக் கழித்துவிட்டு மணல் கலந்தான். துளிர் வரும்வரை இருப்பதாகச் சொன்னவன், துளிர் வந்த பிறகும் போகவில்லை. அலைச் சத்தம் கேட்கும்போது செடியடியில் போய்க் கொத்துவான். 2011 டிசம்பரில் வந்த ‘தானே’ புயல் செடியைச் சாய்த்தபோது, படகைக் கட்டுவதுபோல வீட்டுத் தூணோடு சேர்த்துக் கட்டி நிமிர்த்தினான். 2012 ஆடிக்குள் செடி கூரையைத் தொட்டுவிட்டது. சிங்கப்பூரிலும் துபாயிலும் புருஷன்மாரை விட்டிருந்த பெண்கள் இலை பறிக்க வந்து போனார்கள்.

மங்கலத்தின் கை மட்டும் கடைசிவரை சிவக்கவே இல்லை. கல்யாண வீடுகளில் பரிமாறுகிறவர்கள் யாராவது, "ஒனக்கு மருதாணி புடிக்கலியா?" என்று கேட்டால், பந்தியில் உட்கார்ந்திருக்கும் சிங்காரத்தின் சிவந்த கையைத் தூக்கிக் காட்டுவாள். பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர்கள் அடுத்த இலைக்குப் போவார்கள்.