பழைய வேஷ்டி அக்கா

ஆஸ்பத்திரி ஆபீஸின் நீள மேஜையில் குனிந்து வைத்தீஸ்வரன் பெயர்களைப் படியெடுத்துக்கொண்டிருந்தான். தடிக் காகிதம், பட்டைப் பேனா, பெரிய பெரிய எழுத்து. கல் வெட்டுகிறவனுக்கு இங்கிலீஷ் தெரியாது. கண்ணால் பார்த்ததை அப்படியே உளியால் இறக்குவான். இங்கே ஒரு சுழி தப்பினால் கல்லிலும் தப்பும். கல் தப்பினால் தப்பினதுதான்.

அந்த வருஷம் கல்கத்தாவில் பெரியம்மை ஆடித் தீர்த்துவிட்டுப் போயிருந்தது. அம்மை வார்டில் வேலை பார்த்த நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மூன்று பேர் வெள்ளைக்கார நர்ஸுகள். நாலாவது ஒரு தமிழ்ப் பெண்பிள்ளை. அவர்கள் நினைவாக ஒரு சணல் வியாபாரி சலவைக்கல் கொடுத்திருந்தான். மூன்று நர்ஸுகளுக்கும் முழுப்பெயர், வயசு, ஊர் எல்லாம் வந்து சேர்ந்தாயிற்று. நாலாவதற்காக ஊழியர் ரிஜிஸ்டரைப் புரட்டினான். 'அக்கா, ஆயா' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான் இருந்திருக்கிறது.

வைத்தீஸ்வரனுக்குச் சுருக்கென்றது. அவனும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டான். பெயர் என்னவென்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"நாளைச் சாயங்காலம் நாலு மணிக்குக் கல்காரன் வருவான். அதற்குள் பேர் கிடைத்தால் கொண்டு வா" என்று ஹெட் கிளார்க் மித்ர பாபு வங்காளத்தில் சொன்னார்.

காளிகாட்டில் டிராமை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவியிடம் கேட்டான்.

"பேரா?" பாகீரதி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "எல்லாரும் பழைய வேஷ்டி அக்கான்னுதானே சொல்லுவோம்? கேக்கணும்னு தோணவே இல்லையேன்னா. நம்ம குழந்தைக்கு அம்மை போட்டப்போ நீங்க வாசப்படியிலேர்ந்து எட்டிப் பாத்தேள். அவதான் மடியில போட்டுண்டு ஒம்பது நாள் உக்காந்திருந்தா. அவ பேர் தெரியாதுன்னு இப்போ சொல்றோமே, நாக்கு அழுகிப் போகாதோ!"

பழைய வேஷ்டி என்ற பட்டம் சும்மா வந்துவிடவில்லை. அம்மை கண்டவர்கள் சொறிந்துகொள்ளாமலிருக்க, கையைக் கயிற்றால் கட்டிலோடு கட்டுவது வார்டு வழக்கம். அக்கா அந்தக் கயிறுகளை அள்ளி வெளியே எறிந்தாள். நைந்த வேஷ்டியைக் கிழித்து, பொட்டலம் கட்டுவது போல இரண்டு கைகளையும் சுற்றிவிடுவாள். புதுத்துணி புண்ணில் உறுத்தும், பத்து வருஷம் தோய்த்ததுதான் இதம் என்பாள். இதற்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் காளிகாட்டிலும் பவானிப்பூரிலும் தமிழர் வீடு ஒன்று விடாமல் படியேறுவாள். யாராவது கொடுக்கத் தயங்கினால், "மாமா, இதைக் கட்டிண்டு ஆபீஸ் போனா துரை மூர்ச்சை போட்டுடுவான், குடுங்கோ" என்று கொடியிலிருந்து தானே உருவிக்கொள்வாள். வார்டில் அவள் பேசின வங்காளம் பாதி தமிழ். பயமில்லை என்று வங்காளத்தில் சொல்ல அழுத்தமான 'ப' நாக்கில் வராமல் 'பொய் நேய், பொய் நேய்' என்பாள். வங்காளிகள் வலியோடு வலியாகச் சிரிப்பார்கள். சிரித்தவன் அன்றைக்கு ஒரு வாய் கஞ்சி கூடக் குடிப்பான்.

இருட்டுவதற்குள் பவானிப்பூருக்கு நடந்தான். ஸ்ரீனிவாசராகவன் சர்க்காரில் பெரிய உத்தியோகஸ்தர். அவருக்கு விஷஜுரம் வந்தபோது இருபத்தோரு நாள் அக்காதான் பக்கத்தில் இருந்தாள். அரைமணி நேரம் அவளைப் பற்றியே பேசினார். இரண்டு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அனுதாபக் கூட்டத்துல நானே பேசறேன், ஓய். தெய்வம், சாக்ஷாத் தெய்வம்! பேரா? மங்களமோ என்னமோ... இல்லையே, அது எங்காத்துச் சமையக்காரி பேராச்சே!"

மறுநாள் காலையில் ஜகதாம்பாளின் மெஸ்ஸுக்குப் போனான். கல்யாணமாகாத தமிழ் குமாஸ்தாக்கள் பத்துப் பன்னிரண்டு பேருக்குச் சோறு போடுகிறவள் அவள். அக்காவும் அவளும் ஒரே ஊர்க்காரிகள். வார்டிலிருந்து வந்தால் தீட்டு என்று அக்காவுக்கு மட்டும் கொல்லைப்படியில்தான் இலை விழும். அக்கா அதற்காக ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ரசம் நீர்த்துப் போச்சு என்றுதான் சண்டை பிடிப்பாள்.

விஷயத்தைச் சொன்னதும் ஜகதாம்பாள் பூசணிக்காயை அரிவாள்மணையிலேயே விட்டுவிட்டு எழுந்தாள்.

"எனக்குத் தெரியும்டா வைத்தி. ஆனா நான் சொல்லப்படாது."

"ஏன் மாமி?"

"என் மாமியார் பேர்டா அது. மாமியார் பேரை நாட்டுப்பொண் வாயால சொல்லுவாளா?" தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு அதை விலக்கிவிட்டுச் சொன்னாள். "அவளை அந்த ஆஸ்பத்திரிக்கு அழைச்சிண்டு போனதே நான்தான். வந்து நாலு நாள்கூட ஆகலை, ஒரு பாஷையும் புரியலை அவளுக்கு. 'நாம் கீ?'ன்னு அந்த கிளார்க் வங்காளத்துல பேரைக் கேட்டான். அவ என் மூஞ்சியைப் பாத்தா. நான் எப்படிச் சொல்லுவேன்? அக்கான்னேன். எழுதிண்டுட்டான். பாவி நான்! அப்புறம் அவகிட்ட சொன்னப்போ, 'போறது போ, அதுவும் நன்னாத்தான் இருக்கு'ன்னு சிரிச்சா."

"இன்னிக்குச் சொல்லாட்டா அக்காங்கறதைத்தான் கல்லுல வெட்டுவா, மாமி."

ஜகதாம்பாள் தவித்துப்போனாள். செத்துப் பதினைந்து வருஷமான மாமியார் இப்போதும் கதவுக்குப் பின்னால் நிற்பது போலத் திரும்பிப் பார்த்தாள்.

"முன்பாதி, முருகன்."

"கந்தம்மாளா?"

"போடா அசடு! இன்னொரு பேர். செல்லமாச் சுருக்கிக் கூப்டுவாளே."

"சுப்பு?"

கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தாள். "பின்பாதி, பெருமாள் ஆத்துக்காரி."

"சுப்புலக்ஷ்மி!"

ஜகதாம்பாள் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். அழுகையும் சிரிப்புமாக, "அதேதான். அழகா எழுது. நன்னா நீளமா எழுது" என்றாள்.

எழுதினான். அதைவிட அழகாக அவன் எதையும் எழுதியதில்லை. பெயருக்குப் பக்கத்தில் நர்ஸ் என்றும் போட்டான். பன்னிரண்டு வருஷம் அவள் பார்த்தது அந்த வேலைதான். மித்ர பாபு காகிதத்தை வாங்கிப் படித்தார். அவரும் நல்ல மனுஷர், அவளை வங்காள முறைப்படி 'திதி', அதாவது அக்கா, என்று வாய் நிறையக் கூப்பிட்டவர். பெரிய டாக்டரின் அறைக்குள் எடுத்துக்கொண்டு போனவர் சீக்கிரமே திரும்பிவிட்டார்.

"ரிஜிஸ்டரில் இருப்பதுதான் கல்லிலும் இருக்க வேண்டுமாம். இந்தப் பேரில் இங்கே யாரும் வேலை பார்த்ததில்லை, யாரும் சாகவுமில்லை என்கிறார் துரை. நர்ஸ் என்று எழுதச் சர்டிபிகேட் இருக்கிறதா என்று கேட்கிறார்." அவன் முகத்தைப் பார்க்காமல் புதுக் காகிதம் ஒன்றை நகர்த்தினார். "கல்காரன் வாசலில் நிற்கிறான்."

வைத்தீஸ்வரன் பேனாவை மையில் தோய்த்தான். மணிக்கட்டை மேஜையில் அழுத்திக்கொண்டு, ரிஜிஸ்டரில் இருந்ததை எழுதிக் கொடுத்தான்.

இருபது நாள் கழித்து முகப்புச் சுவரில் கல் ஏறியது. திறப்பு விழாவுக்குத் துரைமார்கள் வந்தார்கள், ஸ்ரீனிவாசராகவனும் சால்வையோடு வந்து பேசினார். எல்லோரும் போன பிறகு, மெஸ் வேலையை முடித்துக்கொண்டு ஜகதாம்பாள் வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் அவள் கால் வைத்தது பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான்.

"எதுடா அவ பேர்?"

கடைசி வரியின் முதல் வார்த்தையைக் காட்டினான். அவள் கிட்டே போய்ப் பார்த்தாள். மேலே மூன்று வரிகளும் கல்லின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் போயின.

"நாலே எழுத்தா இருக்கே? முதலும் கடைசியும் ஒரே மாதிரி இருக்கு. நடுவுல ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு."

"இங்கிலீஷ்ல சுருக்கமாத்தான் மாமி வரும்."

"ஒருதரம் வாசி. என்னால சொல்ல முடியாது, காதாலயாவது கேக்கறேன்."

வைத்தீஸ்வரன் அந்த நாலு எழுத்தின் மேல் விரலை மெதுவாக நகர்த்திக்கொண்டே, "சுப்புலக்ஷ்மி" என்று வாசித்தான்.

ஜகதாம்பாள் கைகூப்பினாள். பிறகு எழுத்துகளின் பள்ளத்தில் படிந்திருந்த வெள்ளைப் பொடியைப் புடவைத் தலைப்பால் ஒவ்வொன்றாகத் துடைத்து எடுக்க ஆரம்பித்தாள்.