எஞ்சின் என்ன கெண்டை மீனா?

அன்றைக்குச் சூரியன் மறைந்தால் வசந்தகால மீன்பிடித் தடை தொடங்கிவிடும். அதன்பிறகு ஏரியில் ஒரு முழ வலை கிடந்தாலும் காவல் படகுக்காரர்கள் உரிமத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் மிச்சமிருப்பது என் உரிமம் மட்டும்தான். என் புருஷன் லரியோனுடையது போய் மூன்று வருடமாகிறது. தடைக்காலத்தில் மீன் பிடித்து, குடித்த கண்ணுக்கு ஆள் தெரியாமல், காவல் படகுக்கே கொண்டுபோய் விலை சொன்னவன் அவன்.

டான்யூப் கடலில் விழும் முன் நாணற்காட்டில் சிதறிக் கிடக்கும் எங்கள் பக்கத்தில் மீனை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது. அதனால் அன்று காலையிலேயே வலைகளை எடுக்கக் கிளம்பிவிட்டோம்.

"எஞ்சின் திருகை இறுக்கினியா?" என்று கேட்டேன்.

"நேத்துப் பொறந்தவனா நான்?" என்றான்.

இறுக்கவில்லை. எங்கள் தெருக்காரன் நிகிஃபோரின் படகுத்துறையைத் தாண்டும்போது முழு வேகம் கொடுத்து ஒடித்துத் திருப்பினான். ஒரு நாணல் வெட்டுமிடத்துக்காக இருவருக்கும் பேச்சு அறுந்து வெகுநாளாகிறது. எதிராளியின் முன்னால் வேகம் காட்டினால் நாணல் கைக்கு வந்துவிடும் என்று நினைத்தானோ என்னவோ. படகின் பின்பலகையில் மாட்டியிருந்த எஞ்சின் எகிறித் தண்ணீருக்குள் போய்விட்டது. சங்கிலி கட்டியிருந்ததால் அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. படகுக்குள்ளும் முழங்கால் தண்ணீர். பெட்ரோல் டப்பா அதில் மிதந்தது. நிகிஃபோர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி, சவ ஊர்வலத்துக்குப் போடுவதுபோல் இரண்டு விரலால் சிலுவை போட்டான்.

துடுப்புப் போட்டு வீடு சேர்ந்தோம். "பீப்பாயில தண்ணி ஊத்தி எஞ்சினை அதுக்குள்ளயே வை. கழட்டுறதுக்கு வேண்டியதெல்லாம் எடுத்து வச்சிட்டு வெளிய எடுப்போம். நனைஞ்ச இரும்புல காத்து பட்டா துரு ஏறிரும்" என்றேன்.

"எஞ்சின் என்ன கெண்டை மீனா, உயிரோட வச்சிருக்க?" என்றான். புல்லில் பழைய கம்பளியை விரித்து அதைப் படுக்கவைத்தான், சூரியன் காயவைத்துக் கொடுக்குமாம். காய்ச்சல்காரனைக் கிடத்தியதுபோல இருந்தது.

இதற்குள் அவன் அண்ணன் சிதோர் வந்துவிட்டார். யார் வீட்டில் எது கெட்டாலும் அவர் மூக்குக்குத் தெரிந்துவிடும்.

"தள்ளுடா, நான் இழுக்குறேன்" என்று எஞ்சினைத் தூக்கிக் கட்டையில் மாட்டினார். ஸ்டார்ட் செய்யும் கயிற்றை இழுத்தார். அது ஒரு சாண் வந்து நின்றது.

"இழுக்காதீங்க. சிலிண்டருக்குள்ள தண்ணி நிக்குது. பிஸ்டன் எங்க போகும்? முதல்ல பிளக்கைக் கழட்டுங்க" என்றேன்.

"பொம்பள பேச்சைக் கேட்டா எஞ்சின் ஓடுமா?" என்று காலை ஊன்றிக்கொண்டு முழு பலத்தையும் கொடுத்தார். கயிறு அறுந்தது. மனிதர் வெங்காயப் பாத்தியில் மல்லாந்து கிடந்தார்.

"ரொம்பப் பழைய கயிறு" என்றான் தம்பி, அண்ணனின் மானத்தைக் காப்பாற்ற.

நானே பிளக்குகளைக் கழற்றினேன். எஞ்சினின் தலைச்சக்கரத்தில் வேறொரு கயிற்றைச் சுற்றிக் கொடுத்து, "இப்ப இழுங்க" என்றேன். சிதோர் குனிந்து இழுத்தார். பிளக் துளையிலிருந்து பீச்சிய கலங்கல் தண்ணீர் நேராக அவர் தாடியில் அடித்தது. பிறந்ததிலிருந்து கத்தரி படாத தாடி. பாசி சொட்டியது.

உள்ளே தங்கிய ஈரத்தை எடுக்கச் சாராயம் ஊற்றிச் சுற்ற வேண்டும். ஈஸ்டருக்கென்று வைத்திருந்த பிளம் சாராயத்தை எடுத்து வந்தேன், இரண்டு முறை காய்ச்சியது. அண்ணன் தம்பி இருவரின் முகமும் வாடிவிட்டது.

"தவக்காலத்துல இதைக் கீழ கொட்டுறது பாவம்" என்றார் சிதோர்.

"குடிக்கிறது?"

"அது பலவீனம். பலவீனத்தை ஆண்டவர் மன்னிப்பார்."

சிலிண்டருக்கு ஒரு மூடி, தங்களுக்கு ஆளுக்கொரு குவளை என்று கணக்காக ஊற்றினார்கள். நான் பிளக்குகளை அடுப்புச் சட்டியில் வறுத்து எடுத்துவந்து மாட்டினேன். எஞ்சின் ஒரு முறை இருமி அடங்கியது. மறுபடி இருமியது, அடங்கியது.

"நேரம் குடுக்கணும். பயந்துபோயிருக்கு" என்றான் லரியோன்.

டப்பாவிலிருந்த பெட்ரோலைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி அவன் மூக்குக்கு நேரே பிடித்தேன். மேலே மஞ்சள், கீழே தெளிந்த தண்ணீர். "இதைக் குடுத்தா இருமாம பாடுமா? கார்புரேட்டரையும் கழட்டித் துடை. உங்கண்ணன் வீட்ல நல்ல பெட்ரோல் இருக்கு, போய் எடுத்துட்டு வா."

"இருக்கு. ஆனா சாவி எங்கன்னு யோசிக்கணும்" என்று சொன்ன சிதோர், யோசிக்க இன்னொரு குவளை கேட்டார்.

வெயில் சாய்ந்துவிட்டது. நான் நிகிஃபோர் வீட்டுக்கு நடந்தேன். எங்கள் தெருவில் ஓடுகிற எஞ்சின் அவனுடையது ஒன்றுதான்.

"உனக்கு மாட்டேன்னு சொல்லலை தங்கச்சி. லரியோன் வந்து, 'என் எஞ்சின் குப்பை, நாணல் உன்னோடது'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். இப்பவே கிளம்புறேன்."

"அது ஒரு வார்த்தையா?"

"அவன் வாயிலருந்து வந்தா எனக்கு ஒண்ணுதான்."

"உரிமம் போறது எனக்குய்யா."

"புரியுது. எனக்கும் மனசு கேக்கல" என்றான், சூரியகாந்தி விதைகளைக் கொறித்தபடி.

மூன்று ஆண்பிள்ளைகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஆற்றில் விட்டாலும் நேராக மிதக்கமாட்டார்கள். நான் தார் பூசிய சின்னப் படகைத் தள்ளித் துடுப்பைப் பிடித்தேன்.

ஏரியை அடைந்தபோது உள்ளங்கை உரிந்திருந்தது. வலைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டேன். கடைசி வலை பாதி தண்ணீரில், பாதி என் மடியில் இருக்கும்போது எஞ்சின் சத்தம் கேட்டது. நாணலைச் சுற்றிக்கொண்டு எங்கள் பெரிய படகு வந்தது. சிதோருக்குச் சாவி கிடைத்துவிட்டது போலிருக்கிறது. பின்னால் லரியோன் நின்றுகொண்டு ஓட்டினான். முன்னால் சிதோர் காலிப் பாட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"ஃபெதோசியா! கேக்குதாடி?"

"நிறுத்துய்யா! வலை! வலை கிடக்கு!" இரண்டு கையையும் வீசினேன். வரவேற்கிறேன் என்று நினைத்திருப்பான், இன்னும் வேகம் கொடுத்தான். நேராக வலைமேல் ஏறினான். எஞ்சினின் அடியில் சுழலும் காற்றாடியில் வலை சுருண்டது, எஞ்சின் செத்தது. அதன்பிறகு தவளைச் சத்தம் மட்டும்.

சூரியன் நாணல் நுனியைத் தொட்டுக்கொண்டிருந்தது. "எஞ்சினை மேல தூக்கு!" என்று கத்திக்கொண்டு அவர்கள் படகுக்குத் தாவினேன். கொண்டை போட்டதுபோல் வலை சுற்றியிருந்த எஞ்சினை இருவரும் சாய்த்துத் தூக்கிப் பிடிக்க, மிச்ச வலையைக் கிழிய இழுத்து உள்ளே போட்டேன். கடைசி மிதவை பலகையில் விழுந்தபோது காவல் படகு அருகில் வந்துவிட்டது.

"தண்ணியில வலை இருக்கா அம்மா?"

"நீங்களே பாருங்க."

ஒருவர் கொக்கிக் கழியால் சுற்றிலும் துழாவிப் பார்த்தார். பிறகு எஞ்சின் பக்கம் கையைக் காட்டினார். "அது என்ன?"

"அது என் புருஷன்."

அவர் லரியோனை உற்றுப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது, சிரிப்பை அடக்க முடியவில்லை. என் உரிமத்தை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

சின்னப் படகில் ஏறி, அவர்கள் படகை என் பின்னால் கயிற்றில் கட்டித் துடுப்பை வலித்தேன். உரிந்த கை எரிந்தது.

"என்ன சொன்னாலும் சரி, ஸ்டார்ட் ஆச்சுல்ல?" என்றான் லரியோன்.

"ஒரே இழுப்புல" என்றார் சிதோர்.

கயிற்றை அவிழ்த்துத் தண்ணீரில் போட்டுவிட்டு நான் வீட்டைப் பார்த்துத் துடுப்பு வலித்தேன்.