காற்றுக் கணக்கு

அந்த ஊரின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை வடிவமைத்தவள் அவள்தான். சாக்கடைத் தண்ணீரைத் தொட்டியில் தேக்கி, அடியிலிருந்து விடாமல் காற்றை ஊதினால், அதிலிருக்கும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளிய வைத்துவிடும். மருந்தும் வேண்டாம், மாயமும் வேண்டாம், காற்று ஒன்றே போதும் என்று திறப்பு விழாவில் வாய் நிறையப் பேசினாள். மறுமாதமே ஊர் மூக்கைப் பொத்திக்கொண்டது.

நகராட்சிக் கூட்டத்தில் அவளைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார்கள்.

"யாரோ ப்ளீச்சிங் தண்ணியக் குழாய்ல விடுறாங்க. அதுல கிருமியெல்லாம் செத்துப்போகுது" என்றாள், தப்பித்தால் போதும் என்று.

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஊரில் அவ்வளவு ப்ளீச்சிங் புழங்குவது அக்கா வீட்டுக்காரர் நடத்தும் சலவைக்கடை ஒன்றில்தான். உறைத்தும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் நகராட்சி ஆட்கள் போய்க் கடையின் வடிகாலை சிமெண்ட் பூசி அடைத்தார்கள்.

நாற்றம் அடங்கவில்லை. விடிந்ததும் கிளம்பியது, மதியத்துக்கு மேல் தணிந்தது. ஒரு காலையில் அவளே ஆக்சிஜன் மீட்டரைத் தொட்டிக்குள் இறக்கிப் பார்த்தாள். ஊரே ஒரே நேரத்தில் குளித்துக் கழுவிவிட்ட தண்ணீர் திமுதிமுவென்று வந்து இறங்க, முள் சரிந்து பூஜ்யத்தில் படுத்துக்கொண்டது. நாள் முழுவதற்கும் சராசரி போட்டுக் காற்றைக் கணக்கிட்டிருந்தாள். காலை நெரிசலைச் சேர்க்கவே இல்லை. கல்லூரியில் எடுத்த எடுப்பில் சொல்லித்தரும் பாடம் அது. காது மடல் சுட்டது.

ஆணையரிடம் ஓடினாள்.

"விடுங்கம்மா. இன்னொரு காத்து மெஷின் மாட்டிடலாம். விரிவாக்கம்னு சொல்லிக்கலாம், யார் கேக்கப்போறா?"

"சலவைக்கடை வடிகால்?"

"அத மெல்லத் திறந்துக்கலாம்."

அங்கிருந்து நேரே கடைக்குப் போனாள். வடிகால் இல்லாததால் அத்தான் அழுக்குத் தண்ணீரை வாளியில் சுமந்து பின்பக்கம் கொட்டிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் ஈரக் கையை வேட்டியில் துடைத்தார்.

"தப்பு என்மேலதாம்மா இருக்கும். இனிமே ப்ளீச்சிங்கக் குறைச்சுக்கிறேன். என்னால உனக்குக் கெட்ட பேர் வரக்கூடாது."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. அவரிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். வாளியைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றாள். "தப்பு சலவைக்கடையில இல்ல. என் கணக்குல."

"அப்ப ஊரு குளிச்சா உங்க தொட்டிக்கு மூச்சு முட்டுதா?" என்றார் ஒருவர். கூடம் சிரித்தது.

"ஆமாங்க" என்றாள். பின்வரிசையில் இருந்த அத்தான் மட்டும் சிரிக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புது மெஷின் வந்தது, நாற்றம் போனது. கடையின் வடிகாலையும் திறந்துவிட்டார்கள். அதற்குள் பக்கத்து ஊர்க் கடைக்குப் பழகிவிட்ட வாடிக்கைக்காரர்கள் பலர் திரும்பவில்லை.

அவள் மறுபடி அக்கா வீட்டுக்குப் போனபோது அத்தான் எப்போதும்போல நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறந்ததிலிருந்து 'வாடி' என்றே கூப்பிட்டு வந்த அக்கா, "வாங்க" என்றாள். டீ கொடுத்தாள். பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று மரியாதையாக விசாரித்தாள். அவள் டம்ளரைப் பார்த்தபடியே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.